வானத்துக்கு வழி சொல்பவர்கள்

ஆம்பூருக்கும் வேலூருக்கும் இடையே சாலைத் தூரம் சுமார் 50 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஜெட் விமானத்துக்கு இது நான்கு நிமிடப் பயணம்கூட இல்லை. இரு முனைகளிலிருந்தும் இரண்டு விமானங்கள் ஒரே உயரத்தில் எதிரெதிரே வந்தால்? கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்குள் மோதிக்கொள்ளும்!

அப்படி நேராமல், ஒன்றுக்கு மேல் மற்றொன்று பொதுவாக 1,000 அடி இடைவெளியிலாவது பறக்கும்படி பார்த்துக்கொள்பவர் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். பௌதிகமும் கணிதமும் படித்த பட்டதாரிகளும், பொறியியல் பட்டதாரிகளும் இந்த வேலைக்கு வரலாம். இந்திய விமான நிலைய ஆணையம் அவர்களைத் தேர்ந்தெடுத்து, பிரயாக்ராஜ் அருகே பம்ரௌலியில் உள்ள கல்லூரி போன்ற இடங்களில் பயிற்சி தருகிறது.

அதோடு முடிந்ததா? இல்லை. ஆம்பூரில் தோலைத் தடவிப் பார்த்தே தரம் பிரிப்பவர், ராணிப்பேட்டைக்குப் போனாலும் மறுநாளே வேலையைத் தொடங்கிவிடுவார். கட்டுப்பாட்டாளரால் அது முடியாது. அந்தந்த நிலையத்தின் வான்வழிகள், குன்றுகள், ஓடுபாதைகள் எல்லாம் மனத்தில் பதியும் வரை, மூத்தவர் பக்கத்தில் இருக்க வேலை பழகித் தேர்வு எழுத வேண்டும். இந்தத் தகுதிக்கு 'ரேட்டிங்' என்று பெயர். வேறு ஊருக்கு மாறினால் மீண்டும் பழகித்தான் ஆகவேண்டும்.

எனவே, பழகிய ஒருவர் விலகினால் அந்த இடத்தை உடனே நிரப்ப முடியாது. அதனால்தான் பயிற்சிக்கு வருபவரிடம் சில ஆண்டுகள் பணியில் இருப்பதாக ஒப்பந்தப் பத்திரம் வாங்குகிறார்கள். ரேட்டிங் பெற்றவருக்குத் தனிப் படியும் தருகிறார்கள். பத்திரம் ஆளைக் கட்டிவைக்கும். படிதான் மனத்தைக் கட்டிவைக்கும் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 1981 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்த 11,000-க்கும் மேற்பட்ட கட்டுப்பாட்டாளர்களை அதிபர் ரீகன் ஒரே அடியாக நீக்கினார். அந்த இடங்களை நிரப்பப் பல ஆண்டுகள் பிடித்தன. அங்கே 56 வயதில் கட்டாய ஓய்வு. அதற்கு முன்பே ஓய்வு பெறும் தகுதி வந்துவிடுவதும் உண்டு. அப்படித் தகுதி வந்தும் வேலையில் நீடிப்பவருக்கு, ஒவ்வோர் ஆண்டும் அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம் கூடுதலாகத் தருவதாக 2025-இல் அந்நாட்டு அரசே அறிவித்தது.

வேலூரை அடுத்த அப்துல்லாபுரத்தின் பழைய ஓடுபாதை, மத்திய அரசின் உடான் திட்டத்தில் மேம்படுத்த எடுத்துக்கொள்ளப்பட்டது. தாரும் சிமெண்டும் லாரியில் வந்து இறங்கிவிடும். அந்த வானத்தையும் சுற்றியுள்ள குன்றுகளையும் மனப்பாடமாக அறிந்த ஆளை மட்டும் அங்கேயே உட்கார வைத்துத்தான் உருவாக்க வேண்டும்.