சொந்த வீடு வாங்கும் முன்... ஏரியாவைப் பாருங்கள்!

சென்னையில் வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கு மாறப் போகிறீர்களா? முடிந்தால், பிடித்த ஏரியாவிலேயே ஒரு வருஷம் வாடகைக்குக் குடியிருந்து பாருங்கள். அதைவிட நல்ல சோதனை கிடையாது.

முடியாதவர்கள் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒருமுறை நேரில் போய் வாருங்கள். காம்பவுண்டு சுவரில் தண்ணீர் நின்ற கறை, தெருவைவிடத் தாழ்ந்த வாசல், கார் பார்க்கிங்கில் தயாராக இருக்கும் மோட்டார்... புரோக்கர் சொல்லாததை இவை சொல்லிவிடும். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் தண்ணீர் எதுவரை வந்தது என்று இஸ்திரி வண்டிக்காரரிடம், மளிகைக் கடைக்காரரிடம் விசாரியுங்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் தெருவுக்குத் தெரு நிலைமை மாறும். மே மாதத்தில் போர் தண்ணீர் வருமா, லாரித் தண்ணீர்தானா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

தாய்ப்பத்திரம், பட்டா, 30 வருஷ வில்லங்கச் சான்றிதழ், சி.எம்.டி.ஏ. அனுமதி வரைபடம் எல்லாவற்றையும் சொந்த வக்கீலிடம் காட்டுங்கள். பில்டர் கைகாட்டும் வக்கீல் வேண்டாம். ஃபிளாட் என்றால் உங்கள் பெயருக்கு வரும் யு.டி.எஸ். (பிரிக்கப்படாத பங்கு) நிலம் எத்தனை சதுர அடி என்று பத்திரத்திலேயே பாருங்கள்.

முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் இரண்டும் சேர்ந்து 9 சதவீதம் வரை ஆகலாம். வங்கிகள் பொதுவாக இதற்குக் கடன் தருவதில்லை. அதனால் கையிருப்பு முழுவதையும் முன்பணத்தில் போட்டுவிடாதீர்கள். ஆறு மாத இ.எம்.ஐ.க்கான தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள்.