சர்க்கார் முடிவும் மறுபரிசீலனையும்

சிரஞ்சீவி கண்ணனுக்கு,

சர்க்கார் உத்தியோகஸ்தரின் முடிவு பிழையானால் முறையிட நீதிமன்றங்கள் இருக்க, நிர்வாகத் தீர்ப்பாயம் என்று தனியே ஒன்று எதற்கு என்று கேட்டிருந்தாய். ஆஸ்திரேலியாவின் அநுபவத்தைக் கொண்டு பதில் சொல்வது உசிதம். இத்தகைய ஸ்தாபனத்தின் பலமும் பலவீனமும் அங்கே ஒருங்கே விளங்கின.

பென்ஷன், விசா, வரி முதலிய விஷயங்களில் அதிகாரிகள் செய்யும் முடிவுகளை மறுபரிசீலனை செய்வதற்காக அந்நாட்டுப் பாராளுமன்றம் 1975-இல் சட்டம் இயற்ற, நிர்வாக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 1976-இல் பணியைத் தொடங்கியது. அதிகாரி சட்டத்தின் எல்லையை மீறினாரா என்பதையே நீதிமன்றம் பிரதானமாகப் பார்க்கும்; தீர்ப்பாயமோ அந்த அதிகாரியின் ஸ்தானத்திலேயே அமர்ந்து, ஆதாரங்களையெல்லாம் புதிதாக ஆராய்ந்து, சரியான முடிவு எதுவோ அதைத் தானே செய்யும். வக்கீல் வைக்க வசதியில்லாதவரும் அங்கே தம் குறையைத் தாமே எடுத்துச் சொல்லலாம்.

இதன் பலமும் பலவீனமும் பின்னர் ஒரு விவகாரத்தில் வெளிப்பட்டன. சர்க்கார் உதவித்தொகை பெற்றவர்கள் அளவுக்கு மேல் வாங்கிவிட்டதாகக் கண்டு வசூலிக்கும் திட்டமொன்றை அந்நாட்டுச் சர்க்கார் 2015-இல் தொடங்கியது. ஒருவரின் வருஷ வருமானத்தை 26-ஆல் வகுத்து, இரண்டு வாரத்துக்கொரு முறை அவர் அவ்வளவு சம்பாதித்தார் என்று கொண்டார்கள். ஆகவே, ஆறு மாதம் வேலையின்றி உதவித்தொகையில் காலந்தள்ளி, மீதி ஆறு மாதம் உழைத்தவர், வேலையற்றிருந்த நாட்களிலும் சம்பாதித்தவராகக் கணக்கில் ஏறிக் கடனாளியானார்.

இந்தச் சராசரிக் கணக்கு கடனுக்குச் சான்றாகாது என்று தீர்ப்பாய உறுப்பினர் டெர்ரி கார்னி 2017-இல் தீர்ப்பளித்தார். சர்க்கார் மேல்முறையீடும் செய்யவில்லை, திட்டத்தை நிறுத்தவுமில்லை. தீர்ப்பாயத்தின் முதற்படியில் வழங்கிய தீர்ப்புகள் பிரசுரமாகாத காரணத்தால், அதே துன்பத்திலிருந்த மற்றவர்களுக்கு அது தெரியாமலே போயிற்று. அவருடைய பதவியும் அவ்வருஷத்திலேயே புதுப்பிக்கப்படாமல் முடிந்தது. சுமார் 4,70,000 கடன்களுக்கு வசூலித்த பணத்தைத் திருப்பித் தருவதாக 2020-இல்தான் சர்க்கார் அறிவித்தது. பழைய தீர்ப்பாயத்தைக் கலைத்து, 2024 அக்டோபரில் புதியதோர் தீர்ப்பாயத்தை நிறுவியபோது, தகுதி பார்த்தே உறுப்பினரை நியமிக்கும் முறையைச் சட்டத்திலேயே வகுத்தார்கள்.

இதிலிருந்து நான் காணும் நியாயம் இதுதான்: மறுபரிசீலனை செய்பவரின் பதவி சர்க்காரின் தயவில் நிற்கலாகாது, அவருடைய தீர்ப்பு ஜனங்களின் கண்ணுக்கு மறைவாக இருக்கலாகாது. நாளை நீயும் உத்தியோகத்தில் அமர்ந்து உத்தரவுகளில் கையெழுத்திடும் காலம் வரலாம். அப்போது ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எழுதி வை. அதை மறுபடி பரிசீலிக்க வருபவரை விரோதியாக எண்ணாதே.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள மாமா