தூரம் முதலில், தோட்டா பிறகு

அன்புள்ள மருமகனுக்கு,

லிங்கன்ஷயரில் பட்டாணியையும் ரேப் பயிரையும் புறாக்களிடமிருந்து காக்க உனக்கு ஒரு பண்ணையில் அனுமதி கிடைத்திருப்பதாகவும், உன் பன்னிரண்டு போர் துப்பாக்கிக்கு 32 கிராம், 5-ஆம் நம்பர் ரவை, கடையில் இருப்பதிலேயே வேகமான தோட்டா என்று பார்த்து ஆயிரம் வாங்கப்போவதாகவும் எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு. எந்தத் தோட்டா என்பது இரண்டாவது கேள்வி. எத்தனை கெஜத்தில் சுடப்போகிறாய் என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால், கனமான தோட்டாவுக்கான தேவை பெரும்பாலும் தானாகவே விழுந்துவிடும். இதை நீ என் வார்த்தைக்காக ஏற்க வேண்டாம், கணக்கைப் பார்.

பிரிட்டிஷ் வழக்கில் நம்பர் கூடக்கூட ரவை சிறுக்கும். ஒரு அவுன்ஸில், அதாவது 28 கிராமுக்குச் சற்று மேலே, 5-ஆம் நம்பர் ஈய ரவை 220 இருக்கும், 6-ஆம் நம்பர் 270, 7-ஆம் நம்பர் 340. ஒரு புறாவை ஐயத்துக்கு இடமின்றி வீழ்த்த, அது இருக்கும் தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் 120 முதல் 140 ரவையாவது விழ வேண்டும் என்பது நெடுநாள் வழக்கத்தில் நிலைத்த அளவு. அதற்குக் குறைந்தால் ரவைகளுக்கு நடுவே புறா புகுந்து போகிற அளவுக்கு ஓட்டை விழும். கால் சோக் (சோக் என்பது குழல் வாயின் குறுக்கம்) வைத்த குழல் 40 கெஜத்தில் தன் ரவையில் ஏறத்தாழ 55 சதவீதத்தை அந்த வட்டத்துக்குள் போடும். 28 கிராம் 6-ஆம் நம்பர் தோட்டாவில் 267 ரவை. வட்டத்துக்குள் விழுவது 147. அதையே 32 கிராமாக்கினால் 168. கூடுதலாக வந்த 21 ரவை ஏதோ பெரிய லாபம்போல் தோன்றும். ஆனால் 30 அங்குல வட்டத்தின் பரப்பு 700 சதுர அங்குலத்துக்கு மேல். முப்பத்து நான்கு சதுர அங்குலத்துக்கு ஒரு ரவை கூடியிருக்கிறது, அவ்வளவுதான். இப்போது நீ வாங்க நினைத்த 32 கிராம், 5-ஆம் நம்பரைப் பார். மொத்தம் 248 ரவை, வட்டத்துக்குள் 137. நாலு கிராம் அதிகம் கொடுத்து, தோளில் அதிக உதையும் வாங்கி, சாதாரண 28 கிராம் தோட்டா போடுவதைவிடப் பத்து ரவை குறைவாகப் போடுகிறாய். பெட்டியின் மேல் பறக்கும் புறாவை எவ்வளவு அழகாக அச்சடித்திருந்தாலும் இந்தக் கழித்தல் கணக்கு மாறாது.

அதுவும் 40 கெஜக் கணக்கு. பயிர்க் காவலில் நடப்பது வேறு. வலை போர்த்திய மறைவுக்குள் நீ உட்கார்ந்திருப்பாய். முன்னால் குதிரை லாட வடிவில் போலிப் புறாக்களைக் காற்றுக்கு எதிர்முகமாக வைத்து, நடுவே இறங்க இடம் விட்டிருப்பாய். அந்த இடைவெளி உன்னிடமிருந்து 20, 25 கெஜம். வேலையைச் சரியாகச் செய்திருந்தால் புறா சிறகை விரித்து வேகம் குறைந்து அங்கேதான் வரும். அறுபதுகளில் ஹாம்ப்ஷயரில் புறா சுடுவதையே தொழிலாக வைத்திருந்த ஆர்ச்சி கோட்ஸ் 1963-இல் இதற்கென ஒரு புத்தகமே எழுதினார். அந்தக் காலம் தொட்டு இந்தக் கலையின் சாரம் புறாவைக் கிட்டத்தில் வரவழைப்பதுதான். 30 கெஜத்தில் கால் சோக் 77 சதவீதம் போடும். 28 கிராம் 6-ஆம் நம்பர் 200 ரவைக்கு மேல் தரும். தேவையைவிட அது எவ்வளவோ அதிகம். இந்தத் தூரத்தில் கெடுதல் வேறு பக்கமிருந்து வரும். முழு சோக்கின் வீச்சு 25 கெஜத்தில் 21 அங்குல அகலம்தான். சோக் மிகக் குறைந்த இம்ப்ரூவ்ட் சிலிண்டருக்கு அதே தூரத்தில் 32 அங்குலம். பரப்பில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். முழு சோக்கில் பட்டால் கறிக்கு உதவாமல் சிதறும், படாவிட்டால் மயிரிழையில் தவறும். ஆக, தோட்டாவை மாற்றுவதற்கு முன் சோக்கைத் திறந்துவிடு. அதற்குக் காசு கிடையாது.

வேகமான தோட்டா என்றால் புறாவுக்கு முன்னால் அதிகம் விட்டுச் சுட வேண்டாமே என்று கேட்பாய். கடைக்காரரும் அதைத்தான் சொல்லியிருப்பார். விநாடிக்கு 1,350 அடி என்று ஒரு பெட்டி, 1,450 அடி என்று இன்னொரு பெட்டி. ஆனால் சின்ன உருண்டை எவ்வளவு வேகமாகப் புறப்படுகிறதோ அவ்வளவு கடுமையாகக் காற்று அதை இழுத்துப் பிடிக்கும். குழல் வாயில் இருந்த அந்த நூறடி வித்தியாசம் 40 கெஜம் போவதற்குள் பாதிக்கும் கீழே வந்துவிடும். மணிக்கு 40 மைல் வேகத்தில் குறுக்கே போகும் புறாவுக்கு நீ முன்னால் விட வேண்டிய தூரத்தில் இதனால் குறைவது நாலைந்து அங்குலம். 25 கெஜத்தில் அதுவும் இல்லை. உன் ரவைக்கூட்டமே முப்பது அங்குலம் அகலம் இருக்கும்போது இதற்காகவா தோளைக் கொடுப்பது? ஒரே துப்பாக்கியில் 28 கிராம், 1,350 அடித் தோட்டாவிலிருந்து 32 கிராம், 1,450 அடிக்குப் போனால் உதையின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே கூடுகிறது. ஃபெசன்ட் பறவை வேட்டையில் நின்றுகொண்டு பத்திருபது தோட்டா சுடுபவருக்கு இது பொருட்டில்லை. புறா நன்றாக வரும் நாளில் குறுகிய மறைவுக்குள், தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்தபடி, நூறு தோட்டா போகும். அறுபதாவது தோட்டாவிலிருந்து கண் தானாக மூடும், கன்னம் கட்டையைவிட்டு எழும்பும், விசையை இழுக்காமல் வெடுக்கென்று சுண்டுவாய். பிற்பகலில் தவறுவதற்கெல்லாம் காரணம் தோட்டாவின் பலவீனம் என்று எண்ணி அடுத்த முறை இன்னும் கனமானதை வாங்குவாய். இந்தச் சுழலில் சிக்கியவர்கள் ஏராளம்.

இன்னொரு வாதம் கொஞ்சம் வலுவானது. புறா ரவை தாங்கும் பறவை, இறகு அடர்த்தி, ஆகவே பெரிய ரவை வேண்டும் என்பார்கள். சுட்டதும் வெள்ளை இறகு கொத்தாகக் கொட்டும், புறா ஆடாமல் அசையாமல் போய்விடும். அதைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் புறாவின் இறகு தோலோடு தளர்வாகத்தான் ஒட்டியிருக்கிறது, தொட்டாலே கையோடு வரும். இறகு கொட்டுவது ரவை தோற்றதற்கு அடையாளம் அன்று. பெரும்பாலும் வீச்சின் விளிம்பு மட்டும் உரசியது என்பதற்குத்தான் அடையாளம். குறி பின்னால் போயிருக்கிறது, அல்லது தூரம் கூடிப்போயிருக்கிறது. அரைக் கிலோ எடையுள்ள பறவை இது. 0.1 கிராம் எடையுள்ள 6-ஆம் நம்பர் ரவை 35 கெஜத்தில் அதன் நெஞ்சுக்குள் போகப் போதும். 7-ஆம் நம்பரும் 30 கெஜம் வரை தாராளமாகப் போதும். பெரிய ரவை ஆழமாகப் போகும் என்பது உண்மைதான். ஆனால் எண்ணிக்கை குறைந்து, தலையிலோ நெஞ்சிலோ ஒன்றுகூடப் படாமல் போனால் அந்த ஆழத்தால் என்ன பயன்? அடிபட்டும் விழாமல் பறந்துபோய் எங்கோ வேலிக்குள் சாகும் புறாதான் இந்த வேலையில் நம்மால் விளையும் மிக மோசமான காரியம்.

இதுவரை ஈயத்தைப் பற்றியே பேசினேன். ஆனால் நீ இப்போது தொடங்குகிறாய். ஈயத்தில் பழகுவதே வீண். இங்கிலாந்தில் 1999 முதலே வாத்துக்கும் கடலோரத்துக்கும் ஈய ரவை கூடாது. 2020 பிப்ரவரியில் வேட்டை அமைப்புகள் ஒன்பது சேர்ந்து, ஐந்தாண்டில் தாமாகவே ஈயத்தைக் கைவிடுவோம் என்றன. 2025 ஜூலையில் அரசே தடை அறிவித்து, மாறிக்கொள்ள மூன்றாண்டு அவகாசம் என்றது. ஆகவே ஸ்டீல் ரவை. அது பலமற்றது என்ற பேச்சில் பாதி உண்மை உண்டு. ஈயத்தின் அடர்த்தி 11-க்கு மேல், எஃகுக்கு 8-க்குச் சற்றுக் குறைவு. அதே அளவு எஃகு ரவை எடை குறைந்தது, வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். அதனால்தான் ஈயத்தில் 6 என்றால் ஸ்டீலில் 4 என்று இரண்டு நம்பர் பெரிதாக்கச் சொல்கிறார்கள். ஸ்டீல் 4-ஆம் நம்பர் 28 கிராமில் சுமார் 230 இருக்கும். குறைவுதான், ஆனால் எஃகு குழலுக்குள் நசுங்குவதில்லை, உருண்டையாகவே வெளியே வருவதால் அதிகம் சிதறாது. கால் சோக்கே ஈயத்துக்கு அரை சோக் செய்யும் வேலையைக் கிட்டத்தட்டச் செய்துவிடும். 20, 30 கெஜப் புறாவுக்கு நான் சொல்வது ஸ்டீல் 5. ஒரு ரவையின் எடை ஈயத்தின் 7-ஐவிடச் சற்றுக் கூடுதல், 28 கிராமில் 310 அளவுக்கு வரும். ஸ்டீலால் உண்மையில் நீ இழப்பது கடைசிப் பத்து கெஜத்தை மட்டுமே. அந்தப் பத்து கெஜத்தில் சுட வேண்டாம் என்றுதானே இவ்வளவும் எழுதுகிறேன்.

வாங்கும்போது பெட்டியில் இரண்டைப் பார். ஒன்று, ஸ்டாண்டர்ட் ஸ்டீலா, ஹை பெர்ஃபார்மன்ஸ் ஸ்டீலா என்பது. இரண்டாவது வகைக்குக் குழலில் லில்லிப் பூ போன்ற சோதனை முத்திரை இருக்க வேண்டும். புறாவுக்கு அது தேவையே இல்லை. மற்றொன்று நீளம். உன் துப்பாக்கியின் அறை 65 மில்லிமீட்டரா 70-ஆ என்பது குழலின் அடியில் பொறித்திருக்கும். நீளமான தோட்டா குட்டையான அறைக்குள்ளும் போகும். சுடும்போதுதான் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். பழைய துப்பாக்கியானால் ஸ்டீல் போடுமுன் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டிவிடு. 20 போர் தோட்டா ஒன்றுகூட உன் பையில் இருக்கக் கூடாது. அதன் உறை மஞ்சளாக இருப்பதே அது வழுக்கி 12 போர் குழலுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும் என்பதால்தான்; தெரியாமல் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும்.

ரவைக்கும் வெடிமருந்துக்கும் நடுவே இருக்கும் வாட் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டீல் ரவை குழலைச் சிராய்க்காமல் இருக்க ரவையைச் சுற்றிக் கிண்ணம்போல் ஓர் உறை வேண்டும். பிளாஸ்டிக்காக இருந்தால் ஒவ்வொரு வெடிக்கும் ஒரு துண்டு பட்டாணி வயலில் கிடக்கும், பிறகு அறுவடையோடு போகும். எந்த விவசாயிக்கும் இது பிடிக்காது. மட்கும் வாட் போட்ட தோட்டா விலை கொஞ்சம் கூட, கொடு. காலி உறைகளையும் பொறுக்கிக்கொண்டு வா.

கனமான தோட்டாவுக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. பிப்ரவரி மாலையில் இலை உதிர்ந்த மரங்களுக்கு மேலே, காற்றோடு அடையவரும் புறா 35, 40 கெஜத்தில் போகும். ஈயமானால் 30 அல்லது 32 கிராம் 6, ஸ்டீலானால் 4, அரை சோக் என்று எடுத்துக்கொள்வதில் நியாயம் உண்டு. அப்போதும் மாலைக்குச் செலவாவது சில தோட்டாக்கள்தான். ஒரே வகையை வாங்கி எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்வது வசதிதானே என்பாய். ஆண்டில் நாலு மாலைக்காக மற்ற நாளெல்லாம் உதை வாங்குவதை வசதி என்று நான் சொல்ல மாட்டேன்.

40 கெஜத்துக்கு அப்பால் தோட்டாவே கைகொடுத்தாலும் சட்டம் கைகொடுக்காத ஒரு விஷயமும் உண்டு. 1981 வனவிலங்குச் சட்டப்படி எல்லாக் காட்டுப் பறவைக்கும் பாதுகாப்பு உண்டு. பயிருக்குப் பெருஞ்சேதம் வராமல் தடுக்கப் பொது உரிமத்தின் கீழ்தான் வுட்பிஜன் என்ற இந்தப் புறாவைச் சுடுகிறோம், பொழுதுபோக்குக்கு அல்ல. அதே வயலுக்கு ஸ்டாக் டவ் என்ற சிறிய புறாவும் வரும். அதைச் சுட்டால் குற்றம். வுட்பிஜனின் சிறகில் வெள்ளைப் பட்டை உண்டு, வளர்ந்ததற்குக் கழுத்திலும் வெள்ளை; மற்றதற்கு இரண்டும் கிடையாது. மந்தமான வெளிச்சத்தில் 25 கெஜத்தில் இந்த வெள்ளை தெரியும். ஐம்பதில் எல்லாமே சாம்பல் நிறம்தான்.

ஆயிரம் வேண்டாம். ஸ்டீல் 5, 28 கிராமில் இரண்டு மூன்று கம்பெனிப் பெட்டிகள் வாங்கு. 25 தோட்டாப் பெட்டி ஒவ்வொன்றும். நாலடி அகலக் காகிதத்தைச் சட்டத்தில் ஒட்டி, பின்னால் தடுப்பு மேடு இருக்கும் இடத்தில் வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு (எஃகு தெறிக்கும்) 30 கெஜத்தில் ஒரு வெடி சுடு. வட்டத்தை முன்கூட்டியே வரையாதே. துளை அடர்ந்த இடத்தைப் பார்த்து அதைச் சுற்றி 30 அங்குலத்துக்கு வரை. எண்ணு. பிறகு எண்ணிக்கையை மறந்துவிட்டு ஓட்டைகளைப் பார்: உள்ளங்கையை விரித்து வைத்தால் ஒரு துளையும் மறையாத இடம் எத்தனை இருக்கிறது? அப்படி மூன்று நாலு இடம் இருந்தால் அந்தத் தோட்டா உன் குழலுக்கு ஒத்துவரவில்லை. ஒரே வகைத் தோட்டாவில் மூன்று காகிதமாவது சுட வேண்டும், ஒன்றை வைத்து முடிவு செய்யாதே. காகிதங்களைப் படம் எடுத்து அனுப்பு. மூலையில் தோட்டாவின் பெயர், சோக், தூரம் மூன்றையும் எழுதிவிடு.

அன்புடன்,
மாமா