அரக்கனுக்குப் பெயர் வைப்பது எப்படி?

மிகைபுனைவு எழுதுபவர்கள் வரைபடம், அரச பரம்பரை, மந்திரம் என்று எல்லாவற்றையும் மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். கொடிய உயிரினத்துக்கு மட்டும் அவசரமாக ஏதோ ஒரு பெயரை ஒட்டிவிடுகிறார்கள். வாசகர் மனத்தில் அது தங்குவதே இல்லை.

முதல் வேலை அகராதியைப் புரட்டுவது. ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் ‘ஆர்க்’ என்ற பெயரை வெறுமையிலிருந்து படைக்கவில்லை, பழைய ஆங்கிலத்தில் அரக்கனைக் குறித்த சொல் அது. 1937இல் வந்த ‘தி ஹாபிட்’டில் பெரும்பாலும் ‘காப்ளின்’ என்றே எழுதியவர், ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதும்போது ‘ஆர்க்’குக்கு மாறினார். காப்ளின் சிறுவர் கதைகளில் புழங்கிய பெயர்; ஆர்க் ஏறக்குறைய மறந்துபோன பெயர். தமிழில் எழுதுபவருக்கும் இந்த வசதி உண்டு. ‘பேய்’ என்றதும் புளியமரமும் வெள்ளைச் சேலையும் முன்னால் வந்து நிற்கும். அதே பொருளில் பழைய இலக்கியத்தில் உள்ள அலகை, கழுது, கூளி ஆகியவற்றுக்கு இன்றைய வாசகரிடம் உருவம் கிடையாது. எழுத்தாளர் வரைவதுதான் உருவம்.

அடுத்து, அந்த உயிரினம் செய்யும் ஒரே ஒரு செயலை எழுதிக்கொள்ள வேண்டும்: உறிஞ்சுகிறதா, ஊர்கிறதா, பதுங்குகிறதா? டோல்கீனின் ‘ஸ்மாக்’ என்ற டிராகனின் பெயர், துளைக்குள் நுழைவதைக் குறிக்கும் பழைய ஜெர்மானிய வினையிலிருந்து வந்தது. ‘ஷீலாப்’ இன்னும் எளிது: ‘ஷீ’ பெண், ‘லாப்’ சிலந்திக்கான பழஞ்சொல். இரண்டு அசையில் ராட்சதப் பெண் சிலந்தி தயார்.

பிறகு ஓசை. 2001இல் நரம்பியல் ஆய்வாளர்கள் வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பார்டும் வெளியிட்ட கட்டுரைப்படி, இரண்டு உருவங்களையும் பொருளற்ற இரண்டு சொற்களையும் கொடுத்தபோது சுமார் 95 சதவீதம் பேர் கூர்முனை உருவத்தை ‘கிகி’ என்றும் வளைந்ததை ‘பூபா’ என்றும் சொன்னார்கள். தமிழ் பேசுவோரிடமும் இதே போக்கு உண்டு என்று ராமச்சந்திரன் குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே பல்லும் நகமுமான விலங்குக்கு வல்லினம் இரட்டிக்கட்டும். சதுப்பில் வழுக்கி வருவதற்கு ழகரமும் மகரமும் போதும்.

பெயர் யாருக்காவது சொந்தமா என்றும் பார்க்க வேண்டும். 1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில் ஹாபிட், என்ட், பால்ராக் மூன்றும் இருந்தன. டோல்கீன் படைப்புகளின் உரிமையாளர் தரப்பு எதிர்த்ததால், அவை ஹாஃப்லிங், ட்ரியன்ட், பேலர் என மாறின.

கடைசிச் சோதனை தமிழுக்கே உரியது. வேற்றுமை உருபுகளைச் சேர்த்துச் சத்தமாகப் படிக்க வேண்டும்: அலகையை, அலகைக்கு, அலகைகளின். நாக்கு தடுக்கினால் பெயரை மாற்றலாம். முதலெழுத்து ககரமோ பகரமோ என்றால், அதை வன்மையாகச் சொல்வதா மென்மையாகச் சொல்வதா என்ற குழப்பம் வரும். கதையை அறியாத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னால் அது உடனே தெரிந்துவிடும்.