மலையேறும் மிதிவண்டி

நுழையும்முன்

சமவெளியில் மிதிவண்டி ஓட்டுபவரைக் காற்று தடுக்கிறது. மலைச்சாலையிலோ அவரது எடையே அவரைப் பின்னிழுக்கிறது. கால்வலிமை மட்டும் இருந்தால் எந்த ஏற்றத்தையும் ஏறிவிடலாம் என்று நெடுங்காலம் பலர் நம்பினர். அந்த நம்பிக்கை எவ்வளவு உண்மை? பிரான்சு நாட்டின் கணவாய்ச் சாலை ஒன்றையும் அதில் ஏறிய சில வீரர்களையும் முன்வைத்து இப்பாடம் ஆராய்கிறது.

பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே எல்லையாக நிற்பது பிரெனீஸ் மலைத்தொடர். அதன் பிரெஞ்சுப் பகுதியில் டூர்மாலே என்றொரு கணவாய் உண்டு. அதன் உயரம் கடல்மட்டத்திலிருந்து 2,115 மீட்டர். கிழக்கு அடிவாரத்தில் சேந்த் மரி த கம்பான் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கிருந்து உச்சிவரை சாலையின் நீளம் 17.2 கிலோமீட்டர், ஏறவேண்டிய உயரம் 1,268 மீட்டர். சராசரிச் சரிவு 7.4 விழுக்காடு. அதாவது, ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சாலை 7.4 மீட்டர் உயர்கிறது.

இச்சராசரி நம்மை ஏமாற்றக்கூடியது. முதல் 5 கிலோமீட்டரில் சாலை புல்வெளிகளுக்கிடையே மெல்லவே உயர்கிறது. புதிதாக வருபவர் உற்சாகத்தில் விரைந்து மிதிப்பது இங்கேதான். எஞ்சிய 12 கிலோமீட்டரில் சரிவு பெரும்பாலும் எட்டு, ஒன்பது விழுக்காடு. சில இடங்களில் பத்தையும் தொடுகிறது. தொடக்கத்தில் பெற்ற சலுகைக்கு மலை வட்டியோடு வசூல் செய்கிறது.

வேலையும் பங்கீடும்

இந்த ஏற்றம் கேட்கும் உழைப்பைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் எடை என்று கொள்வோம். அந்த எடையை 1,268 மீட்டர் உயர்த்தச் செய்யவேண்டிய வேலை ஏறத்தாழ 10 இலட்சம் ஜூல். ஒன்றரை மணி நேரத்தில் ஏறி முடிக்கவேண்டுமெனில், புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் ஒவ்வொரு வினாடியும் 184 ஜூல், அதாவது 184 வாட் திறன் வேண்டும். நல்ல பயிற்சி உடையவர்க்கே இது இயலும். எத்தனை நுட்பமான வண்டியைக் கொண்டுவந்தாலும் இந்த 10 இலட்சத்தைக் குறைக்க வழியில்லை. எடையை வேண்டுமானால் சற்றுக் குறைக்கலாம்.

அவ்வாறெனில் கியர் எனப்படும் பற்சக்கர மாற்றமைப்பு எதற்காக? வேலையின் அளவை அது குறைப்பதில்லை. அவ்வேலையைச் சிறுசிறு பங்குகளாகப் பிரித்துத் தருகிறது. மிதியோடு இணைந்த முன்பற்சக்கரத்தில் 50 பற்களும், பின்சக்கரத்தில் 25 பற்களும் இருப்பின், மிதி ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் இருமுறை சுழலும். சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர் என்றால் வண்டி 4.2 மீட்டர் முன்னேறும். முன்னும் பின்னும் 34 பற்களாக மாற்றிவிட்டால், ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர் மட்டுமே. முதல் அமைப்பில் உச்சியை அடைய ஏறத்தாழ 4,100 சுற்றுகள். இரண்டாவதில் ஏறத்தாழ 8,200 சுற்றுகள். சுற்றுகள் இரட்டிப்பாகும்போது ஒவ்வொரு மிதிப்பிற்கும் வேண்டிய விசை பாதியாகிறது. சராசரியாகப் பார்த்தால் 23 கிலோகிராம் எடையை அழுத்துவதற்கும் 12 கிலோகிராம் எடையை அழுத்துவதற்கும் உள்ள வேறுபாடு இது. ஒரு மூட்டை நெல்லை ஒரே நடையில் சுமப்பவரும், மரக்காலால் அளந்து பல நடைகளில் சேர்ப்பவரும் ஒரே வேலையைத்தான் செய்கின்றனர். ஆயினும் முன்னவரின் முதுகு தாங்குமா என்பதே கேள்வி.

இறங்கி நடந்தவரின் வெற்றி

டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் போட்டி 1903இல் தொடங்கப்பட்டது. ஏழு ஆண்டுகளுக்குப் பின், பிரெனீசின் உயர்ந்த கணவாய்களைப் பாதையில் சேர்க்கும் எண்ணம் எழுந்தது. வழியை ஆராய அல்ஃபோன்ஸ் ஸ்டெய்னெஸ் என்பவர் அனுப்பப்பட்டார். டூர்மாலேயில் அவர் சென்ற ஊர்தி பனியில் சிக்கியது. இருளில் நடந்தே கணவாயைக் கடந்த அவர் வழிதவறிப் பெரும் துன்பத்திற்குப் பின்னரே மீட்கப்பட்டார். இவ்வளவுக்கும் பிறகு, சாலை மிக நன்றாக இருக்கிறது என்றே அவர் தந்தி கொடுத்தார்! அந்தத் தந்தியை நம்பித்தான் 1910 ஜூலை 21 அன்று வீரர்கள் லூஷோன் நகரிலிருந்து புறப்பட்டனர். அன்றைய தொலைவு 326 கிலோமீட்டர். வழியில் பெய்ரசூர்து, ஆஸ்பேன், டூர்மாலே, ஓபீஸ்க் ஆகிய பெரிய கணவாய்கள். சாலையோ கல்லும் மண்ணுமான தடம்.

குஸ்தாவ் காரிகூ என்னும் வீரர் டூர்மாலே ஏற்றம் முழுவதையும் வண்டியிலிருந்து இறங்காமலே கடந்தார். அதற்காகப் பரிசும் பெற்றார். ஆனால் உச்சியை முதலில் அடைந்தவர் அவரல்லர். ஏற்றத்தின் ஒரு பகுதியை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தே கடந்த ஆக்டேவ் லாபிஸ்தான் முதலில் சென்றார். அன்றைய போட்டியிலும் அவ்வாண்டின் முழுப் போட்டியிலும் அவரே வென்றார். விசை மிகும் இடத்தில் இறங்கி நடப்பதும் உழைப்பைப் பங்கிடும் ஒரு வழி என்பதை அவர் அறிந்திருந்தார் எனலாம். ஆயினும் அடுத்து வந்த ஓபீஸ்க் கணவாயில், போட்டி நடத்தியவர்களைப் பார்த்துக் கொலைகாரர்கள் என்று அவர் சினந்து கூவியதாகச் சொல்லப்படுகிறது. பதினான்கு மணி நேரத்திற்கும் மேல் வண்டியோட்டிய ஒருவரின் சினம் அது.

அக்காலத்திலேயே பற்சக்கரத்தை மாற்றும் கருவிகள் இருந்தன. பிரான்சின் சேந்த் எத்தியேன் நகரில் வாழ்ந்த, வெலோசியோ என்னும் புனைபெயர் கொண்ட பால் த விவி அவற்றின் பயனை ஓயாது எழுதிவந்தார். ஆனால் போட்டியின் நிறுவனரான ஹென்றி தெக்ராஞ்சு அவற்றை ஏற்கவில்லை. கருவியின் துணையால் பெறும் வெற்றியைவிடத் தசையின் வலிமையால் பெறும் வெற்றியே சிறந்தது என்பது அவர் கருத்து. அதனால் வீரர்கள் பின்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு அளவுள்ள பற்சக்கரங்களைப் பொருத்திக்கொண்டனர். ஏற்றம் தொடங்கும் இடத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினர். உச்சியில் மீண்டும் அவ்வாறே செய்தனர். சங்கிலி மாற்றமைப்பு இப்போட்டியில் 1937இல்தான் இசைவு பெற்றது. தெக்ராஞ்சு தசையை மதித்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் தசை எவ்வாறு இயங்குகிறது என்பதை அவர் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

உடலின் கணக்கு

தசை தான் எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கையே வேலையாக மாற்றுகிறது. மற்ற முக்கால் பங்கும் வெப்பமாகிறது. 10 இலட்சம் ஜூல் வேலை செய்தவரின் உடலில் ஏறத்தாழ 30 இலட்சம் ஜூல் வெப்பம் உண்டாகும். சமவெளியில் விரைந்து செல்லும்போது எதிர்க்காற்று உடலைக் குளிர்விக்கும். மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுபவருக்கு அத்தகைய காற்று இல்லை. பெரும்பகுதி வெப்பத்தை வியர்வையே வெளியேற்ற வேண்டும். ஏற்றம் முடிவதற்குள் ஒரு லிட்டர் அளவு நீர் அவ்வாறு வெளியேறிவிடலாம். எனவே தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாக நீர் அருந்துவது நல்லது.

மூச்சையும் கவனிக்கவேண்டும். இதயமும் நுரையீரலும் அளிக்கும் உயிர்வளிக்கு மேற்பட்ட உழைப்பைக் கேட்டால், தசை தன் சேமிப்பிலுள்ள சர்க்கரையை விரைந்து செலவழிக்கும். அந்த நிலை சில நிமிடங்களுக்கே தாங்கும். பின்னர்க் கால்கள் கனத்துவிடும். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு என்பதால் நெருக்கடி இன்னும் கூடும். துணைவரோடு ஓரிரு சொற்றொடர்களேனும் பேச முடிகிறதா என்று பார்த்துக்கொள்வது எளிய அளவுகோல். பேச்சு அறுந்தால் வேகம் மிகுந்துவிட்டது என்று பொருள். தேர்ந்த ஓட்டுநர்கள் மென்சரிவான முதல் 5 கிலோமீட்டரில் வேண்டுமென்றே தம்மை அடக்கிக்கொள்கின்றனர். பிறர் முந்திச் செல்லும்போது அடக்கிக்கொள்வதே அந்த ஏற்றத்தில் மிகக் கடினமான செயல் என்றும் கூறலாம்.

கொல்லுப்பட்டறை

ஏறியவர் இறங்கவும் வேண்டும். வியர்வையில் நனைந்த உடலோடு குளிர்காற்றில் விரைவது இடர் தருவது. அதனால் உச்சியில் செய்தித்தாளைச் சட்டைக்குள் செருகிக்கொள்வது மிதிவண்டி வீரர்களின் பழைய வழக்கம்.

1913இல் மேற்கிலிருந்து டூர்மாலே ஏறி, கிழக்கே இறங்கிக்கொண்டிருந்தார் யூஜின் கிறிஸ்டோஃப். முழுப் போட்டியையும் வெல்லக்கூடிய நிலையில் இருந்தவர் அவர். இறக்கத்தில், முன்சக்கரத்தைத் தாங்கும் கவை முறிந்தது. வண்டியைப் பழுதுபார்க்க வீரர் எவர் உதவியையும் பெறக்கூடாது என்பது அன்றைய விதி. அவர் வண்டியைத் தோளில் சுமந்துகொண்டு பல கிலோமீட்டர் நடந்து சேந்த் மரி த கம்பானை அடைந்தார். முன்பு பூட்டுத்தொழில் பயின்றவர் ஆதலால், அவ்வூர்க் கொல்லுப்பட்டறையில் தாமே இரும்பைக் காய்ச்சி அடித்துக் கவையைச் செப்பனிட்டார். விதி மீறப்படுகிறதா என்று நடுவர்கள் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். மணிக்கணக்கில் காலம் கழிந்தது. வெற்றி வாய்ப்பும் போயிற்று. செப்பனிட்ட வண்டியில் ஏறி, எஞ்சியிருந்த ஆஸ்பேன், பெய்ரசூர்து ஏற்றங்களையும் கடந்து அவர் லூஷோனை அடைந்தார். இரு கைகளும் இரும்பில் ஈடுபட்டிருந்தபோது, உலையின் துருத்தியை ஒரு சிறுவன் இயக்கியிருந்தான். பிறர் உதவி பெற்ற அக்குற்றத்திற்காக, அவருடைய நேரக்கணக்கில் மேலும் சில நிமிடங்கள் சேர்க்கப்பட்டன.