பிள்ளைக் காம்பராவும் சிவப்புக் கோடும்

காலை 7.30 ஆனதும் எங்கள் பாடசாலை வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுந்துவிடும். அதற்குக் கீழே கையெழுத்து வைத்தால் பிந்தி வந்த கணக்கு. மாத்தளை நகரில் குடியிருந்துகொண்டு ரத்தோட்டைக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிற எனக்கு, வீட்டு அடுப்புப் பற்றுவதும் அணைவதும் அந்தக் கோட்டை வைத்துத்தான். 6.10 பஸ்ஸை விட்டால் அன்றைக்குக் கோட்டுக்குக் கீழேதான்.

மூத்தவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு மூன்றரை. என் கணவர் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் ஒரு மரக்கறிக் கடையில் கணக்குப் பார்க்கிறார். அங்கே வியாபாரம் இரவில்தான் சூடு பிடிக்கும். அவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது நான் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பேன். எங்கள் தாம்பத்தியத்தில் பாதிப் பேச்சு அந்த வாசற்படியில்தான் நடக்கிறது: “பருப்பு அடுப்புல இருக்கு, மகளுக்கு சித்திரக் கொப்பி மறந்திடாதீங்க.”

மூத்தவள் பிறந்தபோது ஒரு பிழை விட்டேன். அரச ஊழியருக்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள் பிரசவ லீவு உண்டு. அதற்குப் பிறகு அரைச் சம்பளத்தில் 84 நாள், சம்பளமில்லாமல் இன்னொரு 84 நாள் எடுக்கலாம். அரைச் சம்பளம் என்றதும் கடன் கணக்கு கண்ணில் வந்து நின்றது. முழுச் சம்பள லீவு முடிந்த மறுநாளே வேலைக்குப் போனேன். பால் கட்டிக்கொண்டு, சேலை நனைந்து, கடைசிப் பாடத்தில் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே நின்ற நாட்கள் அவை. எங்கள் பகுதிக் குடும்பநல மாதுதான் வழி காட்டினார். கையால் பாலை எடுத்து மூடிய பாத்திரத்தில் வைத்தால் சாதாரண வெப்பத்தில் 4 மணி நேரம் தாங்கும். அதைச் சூப்பிப் போத்தலில் கொடுக்காமல் சின்னக் கோப்பையில் கொடுக்க வேண்டும். கோப்பையில் நாலு மாதப் பிள்ளை குடிக்குமா என்று நான் நம்பவில்லை. பூனைக்குட்டி மாதிரி நக்கி நக்கிக் குடித்தாள்.

2022இல் சின்னவன் பிறந்தபோது நாடே வரிசையில் நின்றது, காஸுக்கு, பெற்றோலுக்கு, மண்ணெண்ணெய்க்கு. அந்த வருஷம் பார்த்தா அரைச் சம்பளம் என்று வீட்டில் எல்லாருக்கும் பயம். ஆனாலும் இந்த முறை அரைச் சம்பள லீவை எடுத்தேன். காதில் கிடந்த தோடு அடகுக்குப் போனது, பிறகு திரும்பி வந்தது. பிள்ளையோடு இருந்த அந்த மூன்று மாதத்தைப் பிறகு எந்தக் கடையிலும் மீட்டிருக்க முடியாது.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் அம்மா. முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். “நான் வளக்காத புள்ளையா?” என்பது அவருடைய கடைசி வாதம். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. சின்னவனுக்கு ஒரு வயது நடக்கும்போது கிளினிக் அட்டையில் நிறைக் கோடு மேலே போகாமல் படுக்கத் தொடங்கியது. விசாரித்தால், அழும்போதெல்லாம் தேத்தண்ணியில் பிஸ்கட்டை நனைத்து ஊட்டியிருக்கிறார். அவன் வயிறு அதிலேயே நிறைந்துவிடும், சோறு இறங்காது. தேத்தண்ணி சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவும் விடாது. நான் சொன்னேன், சண்டை வந்தது. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த மாதம் நான் லீவு போடவில்லை. பிள்ளையை அம்மாவிடமே கொடுத்துக் கிளினிக்குக்கு அனுப்பினேன். மாது மிஸ் அட்டையை விரித்து, பச்சை நிறப் பட்டைக்குள் கோடு எங்கே நின்றிருக்க வேண்டும், எங்கே நிற்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டியிருக்கிறார். மத்தியானம் நான் வீட்டுக்கு வர, அம்மா பருப்பையும் முட்டையையும் சோற்றில் பிசைந்து, மேலே ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். “மிஸ் நல்லா வெளங்கப்படுத்துனாங்க” என்றார். நான் சொன்னதும் அதேதான்! ஆனால் மகள் சொன்னால் அது குறை, மிஸ் சொன்னால் அது வைத்தியம். அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன்: பிள்ளைக்கு யார் சோறூட்டுகிறாரோ அவர்தான் கிளினிக்குக்குப் போக வேண்டும்.

மகளின் தலையை என் கணவர் பின்னுகிறார். பாடசாலைக்கு இரட்டைப் பின்னல் கட்டாயம். முதல் வாரம் அவர் போட்ட முடிச்சை நானே கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தேன். கோவா மூட்டை கட்டுகிற முடிச்சு. “ஏங்க, புள்ள தலைங்க, லொறியில ஏத்துற சாமான் இல்ல” என்றேன். அதோடு வாயை மூடிக்கொண்டேன். இது நான் கஷ்டப்பட்டுக் கற்றது. கொடுத்த வேலையைத் திரும்பப் பிடுங்கினால் அது சாகும்வரை நம் வேலைதான். ஒரு மாதம் மகள் கோணல் வகிட்டோடு போனாள். இப்போது என்னைவிட இறுக்கமாகப் பின்னுகிறார்.

மற்றவை சின்ன விஷயங்கள். தேங்காயை இரவே திருவி வைப்பேன். தவணைப் பரீட்சைத் தாள்களைப் பிள்ளைகள் விழித்திருக்கும்போது கையில் எடுக்க மாட்டேன். ஒருமுறை எடுத்தேன், இரண்டு பிள்ளைகளின் கணித விடை மேல் சின்னவன் யானை வரைந்தான். மாதத்துக்குக் கிடைக்கும் இரண்டு ஷோர்ட் லீவில் ஒன்றைக் கடைசி வாரம்வரை தொடவே மாட்டேன். காய்ச்சல் நாள் பார்த்து வராது. பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவிடம் ஒரு மாற்றுச் சாவி இருக்கிறது. சின்னவன் அவரிடம் சிங்களத்தில் பால் கேட்கிறான், என்னிடம் தமிழில் பொய் சொல்கிறான்.

வேலைக்குப் போகிற தாய் என்று நான் அலுத்துக்கொண்டால் அம்மாவுக்குச் சிரிப்பு வரும். அவர் போகாத வேலையா? 2023 ஆகஸ்ட் 12ஆம் திகதி, மலையகம் 200 நடைபயணம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்த அன்று, சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவோடு ரோட்டோரத்தில் நின்றேன். கோப்பித் தோட்டங்களுக்கு அந்தப் பாதையில் நடந்து வந்த எங்கள் முன்னோர்களில் கைப்பிள்ளைக்காரிகளும் இருந்தார்கள். அம்மா என்னையும் ஆறாம் மாதத்திலேயே தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் போட்டுவிட்டுத்தான் மலைக்குப் போனார். அங்கே வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், ஒரு ஆயம்மா. அம்மா கூடையை இறக்கிவிட்டு நடுவில் ஓடிவந்து பால் கொடுப்பார். மகப்பேற்று நன்மைகள் சட்டப்படி, பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை தாய்க்கு ஒரு நாளில் இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளைக் காம்பரா இருந்தால் அரை மணி நேரம், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். அந்தக் காம்பராவை நான் புகழவில்லை. மூத்திர வாடையும் ஈயும் இருந்த இடம் என்று அம்மாவே சொல்வார். ஆனால் காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போகிற நேரத்துக்கு அது திறந்திருந்தது, மலைக்குக் கிட்ட இருந்தது.

படித்து, சேலை மடிப்புக் கலையாமல் வேலைக்குப் போகிற எனக்கு அப்படி ஒரு காம்பரா இல்லை. என் வீட்டிலிருந்து பஸ் நிலையம் வரைக்கும் தேடினேன். காலை 6 மணிக்குப் பிள்ளையை வாங்கிக்கொள்ளும் ஓர் இடம் அகப்படவில்லை. அம்மாவுக்கு இந்தத் தையில் எழுபது முடிந்தது. முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் சின்னவன் பின்னால் ஓடுகிறார்.