சின்னக் காரில் எஞ்சின் கடைசியாக வரட்டும்

புக்கிட் தெங்காவிலிருந்து ஜூரு, பிறை, புக்கிட் மெர்தாஜாம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு பழைய பெரோடுவா கஞ்சில் கார் எதிரே வரும். அவற்றில் சில வெளித்தோற்றத்துக்குத்தான் பழையவை. போனெட்டைத் திறந்தால், ஜப்பானில் வேறொரு காரில் ஓடிய டர்போ எஞ்சின் உள்ளே இருக்கும். வசதி குறைந்த வீட்டின் முதல் காராக விற்கப்பட்ட வண்டிக்கு, அதன் இன்றைய விலைக்கு மேலே செலவழித்து வேகம் ஏற்றுகிறார்கள் நம் இளைஞர்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வீண் ஆசை. எனக்கு இது மதிக்கத்தக்க கைத்திறன். ஆனால் இதைப் பெரும்பாலோர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள் என்பதுதான் இந்த வண்டிகளோடு பழகியதில் எனக்குக் கிடைத்த முதல் பாடம். முதலில் எஞ்சினை வாங்குகிறார்கள். பிரேக், டயர், ரேடியேட்டர் எல்லாம் பணம் மிச்சமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். சின்னக் காரை ஓட்டும் சுகம், அதன் பாகங்கள் எல்லாம் ஒரே அளவில் ஒன்றுக்கொன்று பொருந்தியிருப்பதால் வருவது. எஞ்சினை மட்டும் பெரிதாக்கினால் அந்தப் பொருத்தம் கெடும். அதோடு சுகமும் போய்விடும்.

கஞ்சில் ஏன் இந்த வேலைக்கு இவ்வளவு தோதாக அமைந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். பெரோடுவா அதை 1994 ஆகஸ்டில் ரவாங் ஆலையிலிருந்து வெளியிட்டது. டைஹாட்சு மீரா காரின் உடலும் எஞ்சினும்தான் அதற்கு அடிப்படை. மூன்று சிலிண்டர், 659 சிசி, 31 குதிரைத்திறன். எடை சுமார் 680 கிலோ, சக்கரம் 12 அங்குலம். 2009 வரை ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட கஞ்சில்கள் தயாராயின. மோட்டார் சைக்கிளில் மழையில் நனைந்துகொண்டு வேலைக்குப் போன எத்தனையோ குடும்பங்களை நாலு சக்கரத்துக்கு மாற்றிய வண்டி இது. அதனால் உதிரிப் பாகத்துக்குப் பஞ்சமில்லை. அதைக் கழற்றி மாட்டத் தெரியாத பட்டறையும் இல்லை. தீபகற்ப மலேசியாவில் ஆயிரம் சிசிக்கு உட்பட்ட தனியார் காருக்குச் சாலை வரி ஆண்டுக்கு 20 வெள்ளிதான். மீராவின் டர்போ எஞ்சினும் அதே 659 சிசி என்பதால், எஞ்சின் மாறினாலும் வரி ஏறாது. மலிவான கார், மலிவான பாகம், மலிவான வரி என்று மூன்றும் ஒரே வண்டியில் சேர்ந்ததால், கல்லூரி முடித்து முதல் சம்பளம் வாங்கும் பையன்கூட இதில் கை வைத்துக் கற்றுக்கொள்ள முடிகிறது.

இனி அந்த டர்போ எஞ்சின் உண்மையில் என்ன தருகிறது என்று பார்ப்போம். ஜப்பானில் சின்னக் கார்களுக்கு 64 குதிரைத்திறனைக் கம்பெனிகள் தங்களுக்குள் உச்சவரம்பாக வைத்துக்கொண்டன. நம் பட்டறைகளில் ‘எல்5’ என்று சொல்லப்படும் நாலு சிலிண்டர் டர்போ எஞ்சின் அந்த 64-ஐத் தொடுவது. 680 கிலோவை 31-ஆல் வகுத்தால், ஒரு குதிரைத்திறன் ஏறக்குறைய 22 கிலோவை இழுக்கிறது. எஞ்சின் மாறியபின் அது 11 கிலோவுக்குச் சற்று குறைவாக இறங்குகிறது. 2016-இல் வந்த புரோட்டோன் சாகாவை இதே கணக்கில் வைத்துப் பாருங்கள். 95 குதிரைத்திறன், ஆயிரம் கிலோவுக்குச் சற்று மேலான எடை. அதுவும் 11 கிலோதான். அதாவது, இவ்வளவு பாடுபட்டு முடித்த டர்போ கஞ்சில், காகிதக் கணக்கில் பக்கத்து வீட்டு சாகாவுக்குச் சமம். இந்த உண்மை பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கோ விஷயத்தின் மையமே இதுதான். சமமான இழுவையை ஏன் ஒரு காரில் சாதாரணமாகவும் இன்னொன்றில் பரவசமாகவும் உணர்கிறோம்? கஞ்சிலில் நாம் தரையை ஒட்டி உட்கார்கிறோம். கதவு மெல்லியது, எஞ்சின் சத்தம் நேராகக் காதுக்கு வருகிறது, ஸ்டியரிங் அசைவு உடனே சக்கரத்துக்குப் போகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரிலேயே மனம் நிறைகிறது. தொழிற்பேட்டை லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, இடைவெளி கிடைத்ததும் 40-லிருந்து 70-க்கு ஏறும் புக்கிட் தெங்கா சாலைகளுக்கு, இந்த நடுவேக இழுவையைத் தவிர வேறெதுவும் தேவையில்லை. உச்சவேகத்தைத் துரத்துகிறவர் இந்தக் காரின் பலத்தை விட்டுவிட்டு அதன் பலவீனத்தைப் பிடித்துக்கொள்கிறார்.

எளிய காரைத் திருத்தி வெற்றி கண்டவர்களின் வரலாறும் இதையே சொல்கிறது. அமெரிக்காவில் ஹாட் ராட் பழக்கம் ஃபோர்டு மாடல் டி போன்ற மலிவுக் கார்களைச் சுற்றித்தான் வளர்ந்தது. பறிக்கக்கூடியதை எல்லாம் பறித்து எடையைக் குறைப்பதே அவர்கள் கற்ற முதல் வித்தை. இங்கிலாந்தில் 1959-இல் வந்த மினி, 848 சிசியும் 34 குதிரைத்திறனும் கொண்ட குடும்ப வண்டி. 1961-இல் பந்தயக் கார் கட்டுநர் ஜான் கூப்பர் பெயரோடு வந்த மினி கூப்பரில் 997 சிசி, 55 குதிரைத்திறன். ஆனால் அதே காரில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் சேர்ந்தே வந்தது. ஓடுவதற்குக் கூட்டிய கை நிற்பதற்கும் கூட்டியது. 1964, 1965, 1967 ஆண்டுகளில் மான்டே கார்லோ ராலியை வென்ற வம்சம் அது. நம்மவர்களிலும் இதற்கு முன்னோடி உண்டு. கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கட்டினார். அந்த எஞ்சினை அதன் சக்திக்கு ஏற்ற எடையும் சட்டமும் கொண்ட வண்டியில் வைத்ததால், இளம் ஓட்டுநர்கள் பயிலும் பள்ளியாக அது ஆனது. அந்த வகைக் காரில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

ஆகவே பணத்தை எண்ணுவதற்கு முன் வண்டியைத் தூக்கி அடியைப் பாருங்கள். வெள்ளம் ஏறி இறங்கும் தாழ்வான நிலமும் கடற்காற்றும் உள்ள செபராங் பிறையில் பழைய காரின் முதல் எதிரி துருதான். தரைக் கம்பளத்தைப் புரட்டி, ஓட்டுநர் காலடித் தகட்டைக் கட்டை விரலால் அழுத்துங்கள். ஜாக்கி வைக்கும் இடம், பின் சஸ்பென்ஷன் பொருந்தும் இடம், முன் அப்சார்பரின் தலைப்பகுதி ஆகிய மூன்றையும் ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று கேட்டால் இரும்பு இருக்கிறது. மொத்தென்று கேட்டால் உள்ளே பெயின்டும் பட்டியும்தான். அப்படிப்பட்ட உடலுக்கு இரட்டிப்புச் சக்தி தருவது பெரும் தவறு. அடுத்தது ரப்பர். இருபது, முப்பது ஆண்டு வெயிலிலும் எண்ணெயிலும் ஊறிய புஷ்ஷுகள், எஞ்சின் மவுன்டிங், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் இவற்றைப் புதிதாக மாற்றினாலே, 31 குதிரைத்திறன் கஞ்சில் வேறொரு கார் போல ஓடும். இந்தச் செலவை வீண் என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள்தான், பிறகு டர்போ போட்டும் வண்டி ஆட்டம் காண்கிறது என்று அலைகிறார்கள்.

பிரேக்கைப் பற்றி ஒரு கணக்கு மட்டும் போதும். ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 80-இல் போகிற காரை நிறுத்துவதைவிட 110-இல் போகிற அதே காரை நிறுத்த பிரேக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சூட்டை விழுங்க வேண்டும். சின்ன முன் டிஸ்க்கும் பின் டிரம்மும் 31 குதிரைத்திறனுக்காகக் கணக்கிடப்பட்டவை. டர்போவுக்கு முன்பே, காற்று புகும் இடைவெளி உள்ள தடித்த டிஸ்க்கும் அதற்கேற்ற கேலிப்பரும் போடுங்கள். அதோடு நிறுத்தாமல் மாஸ்டர் பம்ப்பையும் பின் டிரம்மின் சரிசெய்தலையும் பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் பிடிக்கும் விகிதம் மாறினால், லேசான பின்புறம் ஈரச் சாலையில் சறுக்கும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது. நம் ஊர் புழுக்கத்தில் அதைக் காலத்தோடு மாற்றாமல் விட்டால், சூடேறியதும் மிதி தரைவரை போகும். சக்கரத்தை 13 அங்குலமாக்குவதில் தவறில்லை. ஆனால் டயரோடு சேர்ந்த மொத்த விட்டம் பழையபடி இருக்கட்டும். இல்லாவிட்டால் கியர் விகிதமும் வேகமானியும் பொய் சொல்லும். கனமான ரிம்மையும் தவிருங்கள். சின்ன எஞ்சின் சுழற்ற வேண்டிய ஒவ்வொரு கிலோவும் அதன் காலில் கட்டிய கல்தான்.

இதெல்லாம் முடிந்தபின், ஜப்பானில் வெட்டிக் கொண்டுவந்த பாதிக் கார்களை விற்கும் ஹாஃப்-கட் கடைக்குப் போகலாம். அங்கே கிடைப்பது இன்னொரு நாட்டில் ஓடித் தேய்ந்த எஞ்சின் என்பதை மறக்கக் கூடாது. எண்ணெய் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் தண்ணீரும் எண்ணெயும் உள்ளே கலந்திருக்கலாம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் அளக்கச் சொல்லுங்கள். எண் கொஞ்சம் குறைவாக இருப்பதைவிட, ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபடுவதே பெரிய அபாய அறிகுறி. டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி, நடுத் தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சின்ன ஆட்டம் இயல்பு, ஏனென்றால் ஓடும்போது எண்ணெய்ப் படலம் அந்த இடைவெளியை நிரப்பும். முன்னும் பின்னும் கைக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால், அல்லது விசிறி இதழ் சுவரில் உரசிய தடம் தெரிந்தால், எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். வாங்கியதும், காருக்குள் இறக்குவதற்கு முன்பே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், எண்ணெய் சீல்கள் மூன்றையும் மாற்றிவிடுங்கள். இறக்கியபின் அதே வேலைக்குக் கூலி பல மடங்கு. ரேடியேட்டரும் இன்டர்கூலரும் நம் வெயிலைத் தாங்கும் அளவில் வேண்டும். ஜப்பானின் குளிர்காலத்தையும் கண்ட எஞ்சினை, பகல் முழுதும் 32 டிகிரியில் பினாங்குப் பாலத்து நெரிசலில் நிற்க வைக்கப்போகிறோம். பூஸ்ட்டைக் கூட்டும் ஆசையை அடக்குவது இங்கே கஞ்சத்தனம் ஆகாது. எஞ்சினுக்கு ஆயுள் அது.

இவ்வளவு செலவுக்கு ஒரு நல்ல பெரோடுவா மைவியே வாங்கிவிடலாமே என்பது அடிக்கடி வரும் கேள்வி. போக்குவரத்துக்கு மட்டும் கார் வேண்டுமென்றால், மைவிதான் சரியான விடை. அதில் எனக்கு வாதமே இல்லை. ஆனால் மைவி வாங்கினால் ஓட்டக் கற்றுக்கொள்வீர்கள், கஞ்சிலைத் திருத்தினால் காரையே கற்றுக்கொள்வீர்கள். கார்புரேட்டரும் கேபிளும் கண்ணுக்குத் தெரிகிற, கணினி குறைந்த வண்டி இது. எதை மாற்றினால் என்ன நடக்கிறது என்பதை அது மறைக்காமல் காட்டும். அந்த அறிவு பட்டறை வேலையிலும், சுற்றியுள்ள தொழிற்சாலைகளின் பராமரிப்பு வேலையிலும் கை கொடுக்கும். சட்டம், பாதுகாப்பு பற்றிய எதிர்ப்பு இதைவிடக் கனமானது, அதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆரம்பகாலக் கஞ்சிலில் ஏர்பேக் இல்லை. மெல்லிய தகட்டை எந்தத் திருத்தமும் தடிக்க வைக்காது. அதனால்தான் பிரேக்கும் டயரும் முதலில் என்கிறேன். அதனால்தான் உச்சவேகம் இலக்காகக் கூடாது என்கிறேன். சாலையில் பந்தயம் ஓட்டுகிறவருக்கு இந்தக் கட்டுரையில் இடமில்லை. அவருக்கு உரிய இடம் செப்பாங் போன்ற பந்தயத் தடம். எஞ்சின் மாற்றுவதென்றால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி, வாகனப் பரிசோதனை, கிரான் எனப்படும் பதிவுத் தாளில் புதிய எஞ்சின் எண் ஆகிய மூன்றும் இல்லாமல் சாலையில் இறங்காதீர்கள். எஞ்சினோடு அதன் இறக்குமதித் தாள்களையும் கேட்டு வாங்குங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். மறைத்தால், விபத்து நாளில் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு அதுவே காரணமாகும். தாள் இல்லாத எஞ்சின் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமே அந்தத் தாள் இல்லாமைதான்.

பழைய காரை இருந்தபடியே காக்க வேண்டும் என்பவர்களின் குரலுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஆனால் எல்லாக் காருக்கும் ஒரே நியாயம் இல்லை. 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபோது பிரதமர் மகாதீர் புரோட்டோன் சாகாவை ஓட்டிக்கொண்டு அதைக் கடந்தார். அந்த முதல் தலைமுறை சாகா துருப்பிடிக்காமல், அசல் எஞ்சினோடு இன்று ஒருவர் கையில் இருந்தால், அதில் ரம்பம் வைப்பதை நான் ஒப்பமாட்டேன். எழுபதுகளின் டாட்சன் 120ஒய் முழுமையாகக் கிடைத்தாலும் அப்படியே. லட்சக்கணக்கில் பிறந்த கஞ்சிலின் கதை வேறு. பழைய இரும்புக் கடைக்குப் போக இருந்த பலவற்றை உயிரோடு வைத்திருப்பதே இந்தத் திருத்த ஆசைதான். அப்போதும் ஒரு விதி உண்டு. உடலை வெட்டாதீர்கள், போல்ட்டில் பொருந்துவதை மட்டும் மாட்டுங்கள், கழற்றிய அசல் பாகத்தைப் பெயர் எழுதிப் பெட்டியில் வையுங்கள். நாளை அடுத்தவர் அதைப் பழைய நிலைக்குத் திருப்ப விரும்பினால் வழி திறந்திருக்க வேண்டும்.

இதைத் தொடங்க நினைக்கும் தம்பி, தங்கைகளுக்கு என் யோசனை இதுதான். துரு இல்லாத உடலுக்கும் சரியான தாளுக்கும் முதல் பணத்தைக் கொடுங்கள். இரண்டாவது பணம் ரப்பர், பிரேக், டயருக்குப் போகட்டும். மூன்றாவது, இருக்கிற எஞ்சினின் கார்புரேட்டர், பற்றவைப்பு, குளிரூட்டல் இவற்றைப் புதிய காரின் நிலைக்குக் கொண்டுவரச் செலவாகட்டும். இந்த மூன்றும் முடிந்தபின் ஓராண்டு அப்படியே ஓட்டுங்கள். அந்த ஓராண்டில் 31 குதிரைத்திறனே போதும் என்று பலர் நின்றுவிடுவார்கள். அவர்கள் எதையும் இழந்தவர்கள் அல்லர். அதற்குப் பிறகும் எஞ்சின் மாற்ற வேண்டும் என்று தோன்றுகிறவருக்கு, அதைத் தாங்கும் கார் ஏற்கனவே கையில் இருக்கும்.